தம்மம்பட்டியும் பட்டி பார்க்கும் பண்பாடும்

கைவினைகள் அழிந்துவருவது குறித்த இரங்கற்பாக்களுக்குத் தமிழ் இலக்கியச் சூழலில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. உலகமயமாக்கம் கொன்றது, பிளாஸ்டிக் கொன்றது, சீனப் பொருள்கள் கொன்றன என்று ஒவ்வொரு கட்டுரையும் ஒரு கொலையாளியைக் கண்டுபிடித்துப் பெருமூச்சுடன் முடிந்துவிடுகிறது. இவை எவையும் பொய்யல்ல. ஆனால் கைவினைஞர் நாள்தோறும் எங்கே தோற்கடிக்கப்படுகிறார் என்பதை இந்தப் பெரிய சொற்கள் காட்டுவதில்லை. மரத்தொழிலைப் பொறுத்தவரை அவர் தோற்கடிக்கப்படும் இடத்தின் அகலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான்.

அந்த அரை மில்லிமீட்டரைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம்.

அடுக்களையைப் புதுப்பித்து முடிக்கும் வீடுகளில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப நடக்கிறது. அலமாரிகள் நின்றுவிட்டன, கதவுகள் மாட்டியாயிற்று, பாலிஷ் காய்ந்துவிட்டது. கடைசித் தவணை கொடுக்க வேண்டிய நாளில் வீட்டுக்காரர் கைபேசியின் விளக்கைப் பொருத்திக்கொண்டு சட்டங்களின் மூலைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். ஒரு மூலைப் பொருத்தில் முடியிழை போல ஒரு கோடு. அலமாரியின் பக்கப் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நிழல். விரலால் தடவினால் உணர முடியாத, விளக்கடித்தால் மட்டுமே தெரிகிற கோடுகள். 'இது என்ன ஆசாரி, இடைவெளி விட்டிருக்கிறதே?' என்ற கேள்வி எழுகிறது. தவணை நிறுத்தப்படுகிறது. மறுநாள் தச்சர் ஒரு டப்பாவில் பசையோடு வருகிறார், கோடுகள் மறைகின்றன, எஞ்சிய பணத்தில் ஒரு பகுதி கைக்கு வருகிறது. அடுத்த சித்திரையில் அதே இடத்தில் அதே கோடு, இம்முறை உதிர்ந்த பசையின் துணுக்குகளோடு, மீண்டும் தோன்றுகிறது. 'அந்தக் காலத்து ஆசாரிகள் மாதிரி இப்போது யார் இருக்கிறார்கள்?' என்று வீட்டுக்காரர் அங்கலாய்க்கிறார்.

வாகனப் பட்டறையில் நசுங்கிய தகட்டின் மேல் பசையை அப்பி, தேய்த்து, சாயம் அடித்து வழவழப்பாக்குவதைப் பட்டி பார்ப்பது என்பார்கள். அந்தச் சொல்லையே இந்த மனப்போக்குக்கும் வைக்கலாம். இது பட்டி பார்க்கும் பண்பாடு. இடைவெளியை அடைப்பதை நாம் எதிர்க்கவில்லை. அது யாருடைய இடைவெளி என்று கேட்காமலே அடைப்பதையும், அடைத்த கூலியையும் அவமானத்தையும் தச்சர் ஒருவர் தலையிலேயே கட்டுவதையும் எதிர்க்கிறோம்.

மரம் என்ன செய்கிறது

வெட்டப்பட்ட மரம் செத்துவிட்டது என்பது பொதுப்புத்தி. ஆனால் ஈரத்தைப் பொறுத்தவரை அது ஒருபோதும் சாவதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி வீங்கும். குறைந்தால் வெளிவிட்டுச் சுருங்கும். நூறாண்டுக்கு முந்திய செட்டிநாட்டுப் பர்மாத் தேக்குக் கதவும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பதே விஷயத்தின் மையம். நீளவாக்கில் அது அநேகமாக இல்லை. அகலவாக்கில்தான் இருக்கிறது; அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டை நோக்கிய ஆரத்தின் போக்கில் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. குறைவாகச் சுருங்குவதால்தான் தேக்குக்கு இத்தனை மதிப்பு. அந்தத் தேக்கே பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்வரை வளையப் போக்கில் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகச் சுருங்கும். வீட்டுக்குள் நடப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். 300 மி.மீ. அகலமுள்ள ஒரு தேக்குப் பலகையின் ஈரப்பதம் 12 விழுக்காட்டிலிருந்து 8க்கு இறங்கினால் அது ஏறக்குறைய 2 மி.மீ. குறுகும். ஐப்பசி மழையில் செய்து மாட்டிய அலமாரிக்குச் சேலத்துச் சித்திரை வெயில் இதைத்தான் செய்கிறது. அடுப்பின் வெக்கையும் குக்கரின் ஆவியும் மாறிமாறி அடிக்கும் அடுக்களையில் இந்த ஆட்டம் இன்னும் அதிகம்.

பழைய தச்சர்கள் இதற்கு எதிராகப் போரிடவில்லை, உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அகலமான கதவை ஒரே பலகையில் செய்யாமல், கழுந்தும் துளையுமாகப் பூட்டிய சட்டத்துக்குள் நடுப்பலகையை ஒட்டாமல் செருகிவைத்தார்கள். சட்டத்தின் காடிக்குள் பலகை மிதக்கும். வீங்கும்போது உள்ளே போகும், சுருங்கும்போது வெளியே வரும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இன்று குறை என்று விரல் நீட்டப்படுகிற இடைவெளியை அவர்கள் திட்டமிட்டே உள்ளே ஒளித்துவைத்திருந்தார்கள். இடைவெளியே இல்லாத மரவேலை என்று ஒன்று வரலாற்றில் எங்கும் இருந்ததில்லை. இடைவெளிக்கு எங்கே இடம் கொடுப்பது என்று அறிந்த மரவேலை மட்டுமே இருந்தது.

உலகின் பிற மரபுகளும் இதையே சொல்கின்றன. ஜப்பானில் முழு மரத்தூணின் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் ஆழமாக ஒரு பிளவை அறுத்துவிடுவார்கள். மரம் உலரும்போது வெடிப்பு அந்தப் பிளவிலேயே விரிந்துகொள்ளும், முகப்பு தப்பிக்கும். அந்த நாட்டிலேயே 1053இல் ஜோச்சோ என்ற சிற்பி செய்த பியோதோயின் ஆலயத்தின் அமிதாப புத்தர், ஒரே மரத்தில் குடையப்படாமல் பல துண்டுகளை இணைத்து, உள்ளே வெறுமையாக விட்டுச் செய்யப்பட்டவர். 1531இல் மறைந்த ஜெர்மானியச் சிற்பி ரீமன்ஷ்னைடரும் அவர் காலத்தவரும் மரச்சிற்பங்களின் முதுகைக் குடைந்து எடுத்தார்கள். வெடிக்கக்கூடிய மரத்தை முன்கூட்டியே நீக்கிவிடுவதுதான் நோக்கம். பக்தர் பார்க்கும் பக்கத்தில் பிளவு வராமலிருக்கப் பார்க்காத பக்கத்தில் வெற்றிடம் வேண்டும் என்பதை இரு கண்டங்களின் உளிகளும் தனித்தனியே கற்றிருக்கின்றன.

மூன்று இடைவெளிகள்

புதுப்பித்த அடுக்களையில் தோன்றும் இடைவெளிகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, வெட்டின் பிழை. ரம்பம் கோணலாக ஓடியது, அளவு தவறியது, கழுந்து துளைக்குள் தளர்ந்தது. இது தச்சருடையது. இதை அவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். பசையால் அல்ல, மறுவேலையால்.

இரண்டாவது, மரத்தின் இயக்கம். இதைக் கண்டறிவது கடினமல்ல. மூலைவாட்டில் வெட்டி இணைத்த சட்டத்தில் கோடு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அகலம் சுருங்கி நீளம் மாறாதிருப்பதால், உலர்ந்த காலத்தில் உள்மூலை திறக்கும். ஈரக் காலத்தில் வீங்கும்போது வெளிமூலை திறக்கும். அறை முழுக்க எல்லா மூலைகளும் ஒரே பக்கமாகத் திறந்திருந்தால் அது கையின் பிழையல்ல, பருவத்தின் கையெழுத்து. இதற்குப் பொறுப்பு, ஈர மரத்தை உலர்ந்ததென்று விற்ற மரக்கடைக்கும், 'கிரகப்பிரவேசத்துக்கு இன்னும் 40 நாள்தான்' என்று நெருக்கிய வீட்டுக்காரருக்கும் உரியது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு உலர்த்த வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கிவந்த பழைய கணக்கு. நம் வெயிலில் அது குறையும் என்றாலும் 40 நாளாகக் குறையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 287 என்ற தரக்குறிப்பு, காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, எந்த வேலைக்கு எவ்வளவு ஈரப்பதமுள்ள மரம் தகும் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. குழாயின் வடிவமைப்பைத் தேடி மூன்று நகரங்கள் அலைபவர்களில் எத்தனை பேர் மரக்கடையில் ஈரமானியைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள்?

மூன்றாவது, சுவரின் கோணல். எந்த வீட்டின் சுவரும் முழு நேரானதல்ல. பூச்சு அலையும், மூலை செங்கோணமாக இருக்காது. நேரான பலகையைக் கோணலான சுவரோடு வைத்தால் நடுவே நிழல் விழத்தான் செய்யும். சுவரின் வளைவைப் பென்சிலால் பலகை மேல் படியெடுத்து, அந்தக் கோட்டின்படி இழைத்துப் பொருத்துவதே முறையான வழி. அதற்கு ஒரு பலகைக்கு அரைநாள் ஆகலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி முடித்த கூலியில் அந்த அரைநாளுக்கு இடமில்லை. கொத்தனாரின் கோணலுக்குத் தச்சர் அபராதம் கட்டுகிறார்.

மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே தச்சர் பொறுப்பு. மூன்றுக்கும் அவர் கூலியே பிடிக்கப்படுகிறது. இந்த அநீதியை மூடி மறைக்கும் பொருள்தான் பட்டி.

அடைப்பதிலும் ஓர் அறம் உண்டு

அப்படியானால் இடைவெளியைத் திறந்தே விட்டுவிடலாமா? இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டியருகே திறந்திருக்கும் இடைவெளியில் தண்ணீர் இறங்கும்; அலமாரிக்குப் பின்னால் கரப்பான் குடியேறும். அடைக்க வேண்டியவற்றை அடைத்தாக வேண்டும். ஆனால் அதற்கும் முறை இருக்கிறது. அந்த முறையின் முதற்படி காத்திருத்தல். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கட்டும். கோட்டுக்குள் ஒரு தாள் நுழைகிறதா, ஓர் அஞ்சலட்டை நுழைகிறதா என்று சித்திரையிலும் ஐப்பசியிலும் பார்த்துக் கதவின் உட்புறம் பென்சிலால் தேதியோடு குறித்துவைத்தால் போதும். அகலம் மாறினால் அந்த இடைவெளி உயிருள்ளது, மாறாவிட்டால் நிலைத்தது.

உயிருள்ள இடைவெளியில் கல்லாக இறுகும் பசையை இடுவது அறியாமை. மழைக்காலத்தில் மரம் வீங்கி வரும்போது இறுகிய பசை வழிமறிக்கும், மரத்தின் இழைகள் நசுங்கும், நசுங்கியவை மீள்வதில்லை. அடுத்த கோடையில் இடைவெளி முன்னைவிட அகலமாகும். பட்டி பார்த்து பார்த்துத்தான் முடியிழை விரலிழையாகிறது. அங்கே நிறம் சேர்த்த மெழுகை இடலாம். அது நசுங்கிக்கொடுக்கும், வேண்டாதபோது சுரண்டி எடுக்கலாம். இல்லையேல் ஒரு பக்கம் மட்டும் ஆணியடித்த மெல்லிய பட்டையால் மூடலாம்; மறுபக்கம் அதன் அடியில் தாராளமாக அசையும்.

நிலைத்த இடைவெளிக்கு மரமே மருந்து. அதே மரத்தின் துண்டிலிருந்து ஆப்புப்போல மெலிந்த ஒரு சிம்பைச் சீவி, இழையோட்டம் ஒத்துப்போகுமாறு பசை தொட்டுச் செருகி, காய்ந்தபின் உளியால் மட்டம் செய்வது. இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் மரத்தூளையும் வெள்ளைப் பசையையும் குழைத்து அப்ப இரண்டு நிமிடம் போதும். ஆனால் பசை ஊறிய தூள் பாலிஷை உறிஞ்சாது. சுற்றியுள்ள மரம் நிறமேற, அந்த இடம் மட்டும் வெளிறிய தழும்பாக நிற்கும். தொடக்கத்தில் நிறம் பொருந்தினாலும் அது நிலைக்காது. மரம் ஒளியிலும் காற்றிலும் ஆண்டுதோறும் நிறம் மாறிக்கொண்டே போகும், பட்டி மாறாது. அன்று மறைந்தது நாளை காட்டிக்கொடுக்கும்.

நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்காக 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் ஒரு நெறியைச் சொல்கிறது: இழந்த பகுதிக்கு ஈடாகச் சேர்ப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே சமயம் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும். கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் சொல்லப்பட்ட இந்த நெறி அடுக்களை அலமாரிக்கும் பொருந்தாமற் போக என்ன காரணம்? நல்ல சிம்பு இதைத்தான் செய்கிறது. தூரத்தில் இசைகிறது, அருகில் தன்னை ஒப்புக்கொள்கிறது. உடைந்த பீங்கானைப் பொன்னால் ஒட்டும் ஜப்பானியக் கலையின் படங்களைப் பகிர்ந்து நெகிழ்பவர்களே, தம் வீட்டுக் கதவில் ஒரு சிம்பின் கோட்டைக் கண்டால் கூலியைப் பிடிக்கிறார்கள். அயல்நாட்டு விரிசலுக்கு அழகியல். உள்ளூர் விரிசலுக்கு அபராதம்.

தம்மம்பட்டியின் பாடம்

இவை எல்லாம் அலமாரி செய்பவரின் சிக்கல், சிற்பிகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட தம்மம்பட்டியைப் பார்ப்போம். சுவேத நதிக் கரையில், சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள இந்தப் பேரூரின் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. தெய்வ உருவங்கள், தசாவதாரப் பலகைகள், கோயில் வாகனங்கள், வாசற்கதவுச் சிற்பங்கள் என்று இங்கிருந்து போகாத வகையில்லை. பச்சைமலைக்கு மறுபுறம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரும் இதே தொழிலுக்காக 2020இல் அக்குறியீட்டைப் பெற்றது.

இந்தச் சிற்பிகள் கையாளும் மரங்களில் தூங்குமூஞ்சிக்குத் தனி இடம் உண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். மரபு என்று நாம் போற்றும் விக்கிரகத்தின் உடலே ஒரு வந்தேறி மரம் என்பது தூய்மைவாதிகள் கவனிக்க வேண்டிய செய்தி. அதைவிட முக்கியமானது வேறொன்று. தூங்குமூஞ்சி மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்று. பச்சையாகச் செதுக்கினாலும் மற்ற மரங்களைப்போல மோசமாக வெடிக்காது. ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தைக் கிண்ணங்களாகக் கடைவதும் இந்தக் குணத்தால்தான். ஆய்வுக்கூடத்தின் அட்டவணை சொல்வதை உளி பிடித்த கை ஏற்கெனவே தேர்ந்துகொண்டிருக்கிறது. இடைவெளியை எதிர்கொள்வது பசை டப்பாவில் தொடங்குவதில்லை, மரத்தைத் தேர்வதில் தொடங்குகிறது.

ஆனாலும் ஆறு அங்குலக் கனமுள்ள ஒரு கட்டையில், அதுவும் மரத்தின் நடுமையம் உள்ளே இருக்குமானால், விரிசல் வந்தே தீரும். சுற்றளவு அதிகம் சுருங்க, ஆரம் குறைவாகச் சுருங்க, வட்டம் எங்கேனும் ஓரிடத்தில் கிழிந்தாக வேண்டும். இது வடிவியல்; திறமைக்குறைவு அல்ல. அந்த விரிசலைச் சிற்பி சிம்பு வைத்து அடைப்பதைக் கலைநயம் என்று கொள்வதா, கழிவு என்று ஒதுக்குவதா என்பதை முடிவு செய்வது வாங்குபவரின் கண். பளபளப்பான பிசின் பொம்மைகளின் வழவழப்பில் பழகிவிட்ட கண் எந்தக் கோட்டையும் பொறுக்காது. விளைவு, சிற்பியும் கோட்டை மறைக்கக் கற்கிறார்: கனத்த வார்னிஷ், அடர்ந்த சாயம், அடியில் பட்டி. இழையோட்டமே தெரியாத மரச்சிற்பத்துக்கும் வார்ப்புப் பொம்மைக்கும் பிறகு என்ன வேறுபாடு? வேறுபாடு மறைந்த சந்தையில் மலிவானதே வெல்லும். இதுதான் உண்மையில் பணயமாக இருப்பது.

புவிசார் குறியீடு இதற்குத் தீர்வாகுமா? 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் பெயரைக் காக்கும். தம்மம்பட்டியில் செய்யாததைத் தம்மம்பட்டிச் சிற்பம் என்று விற்க முடியாதபடி தடுக்கும். ஆனால் அது ஒரு கட்டையையும் உலர்த்தாது. கட்டை உலர வேண்டுமானால் நிழலான கிடங்கு வேண்டும். ஓராண்டோ இரண்டாண்டோ மரத்தில் முடங்கும் பணத்தை யாராவது தாங்க வேண்டும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தால் அந்தக் காலத்தை வாங்க முடியாது. குறியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்துவோர், பொதுவான உலர்கிடங்குக்கும் முன்பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பார்க்கட்டும்.

விளிப்பிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. தெய்வ உருவம் செய்தால் அவர் ஸ்தபதி, கும்பிட்டு நிற்கிறோம். அதே கை சோம்புப் பெட்டி வைக்க ஓர் அலமாரி செய்தால் அவர் வெறும் 'கார்ப்பென்டர்'. காலணியை வாசலில் விட்டாரா என்று பார்க்கிறோம். உளி ஒன்றே, மரம் ஒன்றே, விரிசலின் விதியும் ஒன்றே. மாறுவது நம் சமூகத்தின் பார்வை மட்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

பிளைவுட் வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு என்பது முதல் மறுப்பு. மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்வதால் பிளைவுட் மிகக் குறைவாகவே அசையும், இது உண்மை. ஐ.எஸ். 710 தரத்திலான பலகை ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். அதை நாம் பகையாகக் கருதவில்லை. ஆனால் அதன் மேல் ஒட்டும் தேக்கு விளிம்பும் மூலைச் சட்டமும் மரமே. சுவரின் கோணல் பிளைவுட்டுக்கும் உண்டு. அதைவிட மலிவான மரத்துகள் பலகை ஒருமுறை நீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது; இழைக்கவும் முடியாது, தூக்கி எறியத்தான் முடியும். பழுதுபார்க்க முடியாத பொருளைக் குறையில்லாத பொருள் என்று அழைப்பது சொல்லின் மோசடி.

பணம் கொடுப்பவருக்குக் குறையற்ற வேலையைக் கேட்கும் உரிமை இல்லையா என்பது இரண்டாவது மறுப்பு. உண்டு. கோணல் வெட்டையும் தளர்ந்த பொருத்தையும் மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையோடு, எது குறை, எது மரம் என்று பிரித்தறியும் கடமையும் சேர்ந்தே வருகிறது. நாவலை விமர்சிப்பவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமல்லவா? மரத்தை விமர்சிப்பவரும் ஒரு பருவம் அதைப் படிக்கட்டும்.

இலக்கியப் பக்கத்தில் மரவேலைக்கு என்ன இடம் என்பது மூன்றாவது. புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமைக்கு உவமை தேடுகிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் முழுதும் உழைத்துச் செய்த ஒற்றைத் தேர்க்கால் என்று அவனைச் சொல்கிறார். தகடூர் இன்றைய தருமபுரி. தம்மம்பட்டியிலிருந்து அதிகத் தொலைவில்லை. விரைந்து செய்யத் தெரிந்தவன் விரைய மறுத்துச் செய்த பொருளே உயர்ந்தது என்பதைத் தமிழ் தன் தொடக்கத்திலேயே ஒரு தச்சுப்பட்டறையிலிருந்து கற்றிருக்கிறது. அந்தத் தச்சனுக்கு அந்த மாதத்தைக் கொடுத்த சமூகமும் அந்த உவமைக்குள் இருக்கிறது. பாடலைப் பாராட்டிவிட்டு மாதத்தை மறுப்பவர்களுக்கு இலக்கியம் உரையாசிரியரின் ஏட்டோடு முடிந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்

பெருமூச்சோடு முடிக்க நமக்கு விருப்பமில்லை. அடுக்களையைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் சில எளிய கோரிக்கைகளை வைக்கிறோம்.

மரத்தை வேலை தொடங்கச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கி, வேலை நடக்கும் வீட்டிலேயே சிறு கட்டைகளை இடையிட்டுக் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். அந்த அறையின் காற்றுக்கு அது பழகட்டும். சுவருக்கேற்ப இழைத்துப் பொருத்தும் வேலைக்குத் தனிக் கூலி பேசுங்கள். கடைசித் தவணையை வேலை முடிந்த நாளில் கொடுத்துவிடுங்கள். ஓராண்டு கழித்து ஒருமுறை வந்து, இரண்டு பருவங்கள் காட்டிய இடைவெளிகளை மட்டும் அடைத்துத் தருவதற்கு ஒரு நாள் கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அது அபராதமாக அல்ல, வேலையின் கடைசிப் பகுதியாக இருக்கட்டும். மீந்த துண்டுகளை விறகுக்குப் போடாமல் பரணில் வையுங்கள். நாளைய சிம்பு அதிலிருந்துதான் வர வேண்டும்.

தம்மம்பட்டிச் சிற்பம் வாங்குகிறவர்கள் அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள். குடைந்திருக்கிறதா, அடைத்த விரிசலில் இருப்பது மரமா பசையா என்று கேளுங்கள். மரம் என்று பதில் வந்தால், அந்தக் கோட்டுக்காக விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கோட்டில் ஒரு மணி நேர உழைப்பு இருக்கிறது. விலையில் அதுவும் சேர வேண்டும்.